மருமகன் வண்டிக்கு ஆறரை ஹெச்.பி. எஞ்சின்

சின்ன எஞ்சின் வேலை செய்கிறவனுக்கு மறதி கிடையாது. எந்த எஞ்சினில் எந்த போல்ட்டின் மரையை எந்த மகராசன் கெடுத்து வைத்தான் என்பதை முப்பது வருஷம் கழித்தும் விரல் சொல்லிவிடும். மனிதர்கள் விஷயத்திலும் எனக்கு அப்படித்தான். ஆகவே எனக்கு முதலில் தீங்கு செய்தவரின் பெயரைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். அவர் பெயர் கௌதம். கோயம்புத்தூர்க்காரர். ஹைதராபாத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் ஒரே மகள் சுதாவைக் கல்யாணம் செய்துகொண்டவர்.

அவர் செய்த தீங்கு இரண்டு. பெண் கேட்டு நேரில் வராமல் முதலில் போனில் மெசேஜ் அனுப்பினார். நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தவன். இங்கிலீஷில் வந்த அந்த மெசேஜை என் மகளே எனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதையாவது விடலாம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் என்னை ஒரு தடவைகூட மாமா என்று கூப்பிட்டதில்லை. சார் என்பார். "சாப்பிட்டீங்களா சார்?" "முழங்கால் வலி தேவலைங்களா சார்?" பெண்ணைக் கொடுத்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டுக் கூடத்தில் பேங்க் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

மல்லாபூரில் எனக்குக் கடை. தண்ணீர் பம்பு எஞ்சின், புல் வெட்டும் மெஷின், கான்கிரீட்டைக் குலுக்கும் வைப்ரேட்டர், எல்லாம் வரும். இந்த வருஷம் மருமகனின் வண்டியும் வந்தது.

பாதி ஏற்றம்

ஒரு நாள் மத்தியானம் சுதா கடைக்கு வந்து போனில் ஒரு வீடியோ காட்டினாள். மல்காஜ்கிரியில் அவர்கள் இருக்கும் அபார்ட்மெண்டின் கீழ்த்தளம். இரும்புக் குழாயை வெல்டிங் செய்து கட்டிய தரையொட்டின வண்டி, நாலு தள்ளுவண்டிச் சக்கரம், கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் மருமகன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் புல் வெட்டும் மெஷினின் எஞ்சின் ஒன்று கொசு மாதிரி கத்தியது. கோ-கார்ட்டாம். சின்ன வயசிலிருந்தே ஆசையாம், சனி ஞாயிறுகளில் தன் கையாலேயே கட்டினாராம். வண்டி கீழ்த்தளத்திலிருந்து வெளியே போகும் சரிவில் ஏறியது. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நின்றது. பிறகு ராஜாவோடு மெதுவாகப் பின்னால் உருண்டு வந்தது. வீடியோவில் யாரோ குழந்தைகள் சிரிக்கும் சத்தம். தள்ளிக்கொண்டு போனது என் மகள்.

"எம் பொண்ணை வண்டி தள்ள வெச்சுட்டாரா?" என்றேன். பெரிய எஞ்சின் வைக்க வேண்டும், நீங்கள்தான் செய்துதர வேண்டும் என்றாள். "வேணும்னா அவர் வந்து கேட்கட்டும். நான் இன்னா, காலண்டர் பார்த்துக் கூப்பிடணுமா?" என்றேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் இந்த ஊர்ப் பாஷை கலந்துவிடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "நக்கோ அப்பா, இந்த ட்ராமால்லாம் வேணாம். 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவர் ஓடி வருவார்."

பார்சலில் வந்தது

'வாங்க' என்று சுதாவின் போனிலேயே சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கௌதம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆறரை ஹெச்.பி. பம்பு எஞ்சின், ஆன்லைனில் வாங்கியது. லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினார். எஞ்சினை உட்கார வைக்கும் தகடு, நாலு துளை, துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம், அரை மில்லிமீட்டர் வரை கணக்கு. என் ஆயுசில் நான் அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், எழுதிப் பார்த்ததில்லை.

பெட்டியைப் பிரித்தேன். எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டின் நுனியில் மரை ஓடியிருந்தது. அது பம்பின் விசிறியைத் திருகி மாட்டுவதற்கான தண்டு. வண்டிக்கு நேர் தண்டு வேண்டும், கிளட்ச்சைப் பூட்ட அதில் நீளமாகக் காடிப் பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி வந்தது, மறைக்கவில்லை. ஆனால் செத்துப்போன வைப்ரேட்டர் எஞ்சின் ஒன்று என் மூலையில் கிடந்தது. அதே அளவு, அதே கம்பெனி. அதன் வயிற்றைப் பிளந்து நேர் தண்டை எடுத்து இதில் போட்டுவிடலாம். "போட்டுடலாம்" என்று நான் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கிரீஸ் கையை. பக்கத்து லேத் கடை ஜப்பார் பாய் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "உஸ்தாத், உங்க மருமகன் படிச்சவர்தான். ஆனா அவருக்கு இதை வித்தவன் அவரைவிடப் படிச்சவன்."

புது ஆள்

தண்டு மாற்றும் வேலை மூன்று சனிக்கிழமை இழுத்தது. கௌதம் மூன்று வாரமும் வந்தார். பழைய டீசர்ட் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவினார். ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையில் ஒரு காகிதத்தில் வைத்து அதன் பக்கத்தில் பெயர் எழுதினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒரு திருகுகூடத் தொலையவில்லை. இது என் கடையில் நடக்காத காரியம்.

மூன்றாவது சனிக்கிழமை காண்ட்ராக்டர் யாதகிரி தன் வைப்ரேட்டரை எடுக்க வந்தார். கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "ஏய் தம்முடு, மூணு டீ கொண்டா" என்று தெலுங்கில் அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் கௌதம் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு டீக்குப் போய்விட்டார். லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர் கடைவீதியில் தூக்கு வாளியோடு திரும்பி வருவதைப் பார்த்தேன். "எவரு இது, புது ஆளா?" என்று யாதகிரி கேட்டார். என் மருமகன் என்று சொல்லியிருக்க வேண்டும். "தெரிஞ்சவங்க" என்றேன். கௌதம் டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும், ஆனால் ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. யாதகிரி டீயைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம் சிபாரிசு செய்தார்: "நல்ல ஆளு. கோபமே படமாட்டேங்கறான். விட்டுடாதே."

வலது பக்கம்

இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. நம் தொழில்காரர்களுக்கு உடனே புரியும், மற்றவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். பல்சக்கரமும் பல்சக்கரமும் நேராகக் கடித்தால் சுற்றும் திசை மாறும்; நடுவில் சங்கிலி போட்டால் மாறாது. கடைசி சனிக்கிழமை கௌதம் வண்டியையும் டெம்போவில் கடைக்கு ஏற்றிவந்திருந்தார். பழைய புல் வெட்டும் எஞ்சினுக்குச் சக்தி போதாமல் அவர் நடுவில் ஒரு ஜோடிப் பல்சக்கரம் வைத்திருந்தார். புது எஞ்சினுக்கு அது தேவையில்லை என்று கழற்றிவிட்டு, சங்கிலியை நேராகப் பின் சக்கரத்தின் தண்டுக்குக் கொண்டுபோனார். எஞ்சின் பழையபடி தண்டு வலது பக்கம் பார்க்க உட்கார்ந்திருந்தது. அதாவது வண்டி பின்னால்தான் போகும்.

எஞ்சினைத் தகட்டில் வைத்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். முதல் ஓட்டத்தில் வண்டி நாலடி பின்னால் போகும், அபார்ட்மெண்ட் பிள்ளைகள் சிரிப்பார்கள், இவர் லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வருவார், "மாமா, என்ன ஆச்சுன்னு பாருங்க மாமா" என்பார். முழங்கை வரைக்கும் கிரீஸோடு நின்றுகொண்டு நான் போட்ட கணக்கு இது. கேவலமான கணக்குத்தான். நாலு போல்ட்டையும் என் கையாலேயே முறுக்கினேன். "எல்லாம் சரியா இருக்குங்களா சார்?" என்று கேட்டார். "நீங்கதானே படம் போட்டீங்க" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். "நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்குப் பயமில்லைங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை

முதல் ஓட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. கீழ்த்தளத்தில் வண்டியின் மூக்கு ஏற்றத்தைப் பார்த்து நின்றது. பத்துப் பிள்ளைகள், வாட்ச்மேன், நான், என் மனைவி சரோஜா. கௌதம் கயிற்றை இழுத்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் எழுந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கியது. வேறொருவனுடைய செத்த எஞ்சினின் முதுகெலும்பை எடுத்து இதற்கு வைத்தது நான்.

அவர் ஹெல்மெட்டை எடுத்தார். சுதா அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "இத்தனை நாள் தள்ளினது நான். முதல்ல நான்தான்!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் கணக்கில் அவள் இல்லை. "சுதா, இறங்கு!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. முழங்கால் வலியை மறந்து ஓடினேன். அவள் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள்.

வண்டி பின்னால் பாய்ந்தது. முன்னால் பார்த்துக்கொண்டிருந்த பெண் எதைப் பிடிப்பாள், எதை மிதிப்பாள்? தூணை உரசிக்கொண்டு போய், காலி செய்து போன யாரோ விட்டுப்போன பழைய சோபாவில் மோதி நின்றது. சோபா இல்லையென்றால் சுவர். முழங்கையில் தோல் வழன்று ரத்தம். கௌதம் எஞ்சினை அணைத்து, அவளைத் தூக்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். சரோஜா என்னைப் பார்த்து, "என்னங்க இது, நீங்கதானே பக்கத்துல இருந்து செஞ்சீங்க?" என்று கேட்டாள். அதற்குள் கௌதம் நிமிர்ந்தார். "சார் மேல தப்பில்லீங்க அத்தை. படம் போட்டது நான். எஞ்சின் எந்தப் பக்கம் சுத்துதுன்னு நான்தான் பாக்கல."

மேலே எழுதாமல் விட்டது

அன்று சாயங்காலம் சுதா கையில் கட்டோடு வீட்டு சோபாவில் சாய்ந்திருந்தாள். கௌதம் மருந்துக் கடைக்குப் போயிருந்தார், சரோஜா சமையலறையில். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, வண்டி பின்னால் போகும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எதுக்குப்பா?" என்றாள். மூன்று வருஷமாக ஒரு மனிதன் என்னைச் சார் என்று கூப்பிட்டால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். சொல்லும்போதே என் காதுக்கே அது சின்னதாகத்தான் கேட்டது.

அப்போதுதான் அவள் ஒன்றை ஞாபகப்படுத்தினாள். இதை நான் ஆரம்பத்தில் எழுதாமல் விட்டேன், மறந்து அல்ல. அந்த மெசேஜ் வந்த மறுநாளே கௌதம் கோயம்புத்தூரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தட்டில் பழத்தோடு எங்கள் மெட்டுகுடா வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று முதல் வார்த்தையாக "வணக்கம் மாமா" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு யார் மாமா? சார்னு கூப்பிடுங்க" என்றேன், அவரைப் பெற்றவர்கள் முன்னால். என்னைச் சார் என்று கூப்பிட்ட ஆள் அதற்கு முன்னால் உலகத்திலேயே கிடையாது. கோபத்தில் சொன்னது. அதை ஒரு மனிதர் மூன்று வருஷமா பிடித்துக்கொண்டு நிற்பார்? இதைத்தான் மகளிடமும் கேட்டேன். "நீ சொல்லக்கூடாதா அவர்கிட்ட?" என்றும் கேட்டேன். அவள் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஹவ், ஆமா, நான் சொன்னா உடனே கூப்பிடுவார். ஆனா அது நான் சொல்லிக் கூப்பிட்டது ஆயிடும்பா. உங்களுக்கு அது போதுமா?"

இடது பக்கம்

போதாது. திங்களும் செவ்வாயும் கடைக்கு வந்த வேலையை ஜப்பார் பாயின் கடையில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு மல்காஜ்கிரி போனேன். கௌதம் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தார். எஞ்சினை இடது பக்கம் பார்க்கத் திருப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். இடது பக்கத்தில் பிரேக் தட்டு இருந்தது, அதை வலதுக்கு மாற்ற வேண்டும். புகைக்குழாய் நாற்காலியைப் பார்த்துத் திரும்பிவிடும், உட்கார்ந்தவர் முதுகு வெந்துபோகும், அதற்கு ஒரு தகடு அடிக்க வேண்டும். பிரேக்கும் பழைய கொசு எஞ்சினுக்குப் போட்டது, அதையும் பெரிதாக மாற்றினேன்.

கீழ்த்தளத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முதல் நாள் பூராவும் ஸ்பானர், துணி, ஆயில் என்ற மூன்று வார்த்தைதான் பேசினோம். இரண்டாம் நாள் கடைசி போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் ஸ்பானரைக் கீழே வைத்தேன். "வண்டி பின்னால போகும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்" என்றேன். சுதா சொல்லியிருக்கவில்லை என்று நினைத்தேன், சொல்லியிருக்கவும் இல்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவர் ஸ்பானரை எடுத்து, துடைத்து, திரும்ப என் கையில் கொடுத்தார். "எஞ்சினை வெச்சப்ப நீங்க ஒருக்கா என்னைய நிமிந்து பாத்தீங்க. ஏதோ இருக்குதுன்னு தெரிஞ்சுதுங்க சார். அதுக்கு மேல கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

முழு ஏற்றம்

அடுத்த ஞாயிறு யாரையும் கூப்பிடவில்லை, ஆனாலும் எல்லாரும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை நான் பின் சக்கரத்தைக் கட்டைமேல் தூக்கி வைத்து, சுற்றும் திசையைக் காட்டி, பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்த்த பிறகுதான் கீழே இறக்கினேன். கௌதம் உட்கார்ந்தார். வண்டி ஏற்றத்தில் போனது. பாதியைத் தாண்டியது. நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. மேலே வெயிலுக்குள் போய் மறைந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். சுதா ஒரு கையால் என் தோளைக் குலுக்கினாள். காம்பவுண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, நாற்காலியை விட்டு இறங்காமலே முதலில் அவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்.

நான் சங்கிலியின் தொய்வைப் பார்க்கக் குனிந்திருந்தேன். நான் பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. "ஏறிருச்சுங்கம்மா! மாமாதான் வெச்சுக் குடுத்தாரு. கடையவே மூடிப்போட்டு வந்தாருங்கம்மா. மாமா இல்லீன்னா இது நகுந்தே இருக்காது." மூன்று தடவை எண்ணினேன் என்று எழுத ஆசைதான், இரண்டு தடவைதான் சொன்னார். நான் சங்கிலியைப் பார்ப்பதை முடித்துவிட்டேன், ஆனாலும் நிமிரவில்லை. சங்கிலி எனக்குச் சரியாகத் தெரியவும் இல்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, பாதி எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் காத்திருந்தேன். அவரும் என் வாயிலிருந்து எதற்கோ காத்திருந்த மாதிரிதான் இருந்தது. பிறகு சொன்னார்: "நீங்க ஒரு ரவுண்டு போறீங்களா... சார்?"

போனேன், ஒன்றல்ல, மூன்று சுற்று. ஆனால் கோயம்புத்தூர் வரைக்கும் கேட்கும்படி ஊதாரியாகச் செலவழிக்கிற அந்த ஒரு சொல்லை என் முகத்துக்கு நேரே மட்டும் அவர் இன்னும் தரவில்லை, நானும் அதை விடுவதாக இல்லை.